பொட்டலத்தைத் திறக்காமல் போன பதினான்கு மாதங்கள்

பட்டுப்போய் விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு படலம் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடையும் இருக்காது, தண்டும் இருக்காது. யாரோ பெயிண்டைச் சிந்திவிட்டுப் போனது போல இருக்கும். அதுவும் காளான் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். துறையில் கார்ட்டிசியாய்டு பூஞ்சை என்பார்கள். நான் பொருக்குப் பூஞ்சை என்றே எழுதுகிறேன். செத்த மரத்தின் லிக்னினையும் செல்லுலோஸையும் பிரித்து மண்ணில் சேர்க்கிற வேலையில் இவற்றுக்கும் முக்கியப் பங்கு உண்டு. காய்ந்த மாதிரிகளைக் காகிதப் பொட்டலங்களில் போட்டுப் பாதுகாக்கும் இடம் ஹெர்பேரியம். இவற்றின் ஹெர்பேரியம் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்யப் போய்ப் பதினான்கு மாதங்களை இழந்தேன். டி.என்.ஏ பரிசோதனைக்கு ஒதுக்கியிருந்த தொகையில் பாதியும் அதோடு போனது. என் வழிகாட்டி பூக்கும் தாவரங்களில் வேலை செய்பவர். பொருக்குப் பூஞ்சை தெரிந்தவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தெரிந்த ஒருவர் முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பெரும்பாலானது நடந்திருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்குரிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஃப்ளெபியாப்சிஸ் ஜைகான்டியா என்ற இனம். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் வெட்டிய அடிக்கட்டைகளில் வரும். ஈரமாக இருக்கும்போது மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும். காய்ந்தால் ஓரம் சுருண்டு காகிதம் போல உரிந்து வரும். நூறு வருடங்களில் இது எந்தெந்த மரங்களில் கிடைத்திருக்கிறது, பரவல் கூடியதா குறைந்ததா என்பது என் கேள்வி. இதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, பல நாட்டு ஹெர்பேரியங்கள் தங்கள் மாதிரிகளின் விவரத்தை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன, ஜிபிஐஎஃப், மைக்கோபோர்ட்டல் போன்ற தளங்களில் தேடினால் போதும் என்று நினைத்தேன். தேடினேன். ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட கோப்பு பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அன்று இரவு எனக்கிருந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. ஆய்வில் பாதி முடிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

முதல் தவறு அந்தக் கோப்பிலேயே இருந்தது. அதில் காய்ந்த மாதிரியாகப் பாதுகாக்கப்படுபவையும், யாரோ காட்டில் பார்த்துக் குறித்துவிட்டு வந்தவையும் கலந்திருந்தன. இத்தளங்களின் தரவு வரும் டார்வின் கோர் என்ற பொதுவடிவத்தில் ஒவ்வொரு பதிவும் எதை அடிப்படையாகக் கொண்டது என்று சொல்ல ஒரு தனி நெடுவரிசை உண்டு. அந்த நெடுவரிசையை நான் மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். யானையைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் பொருக்குப் பூஞ்சையைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் ஒன்றாகாது. வெறும் கண்ணுக்கு இந்தக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே வெள்ளைப் படலம்தான். கையில் மாதிரி இல்லாத பதிவை மறுபடி சோதிக்க வழியே கிடையாது. அவற்றை நீக்கியதும் கோப்பு பாதிக்கு மேல் சுருங்கியது. முதல் நாளே அந்த நெடுவரிசையை வைத்துப் பதிவுகளைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். பூஞ்சை ஆய்வாளர் ஃப்ரீஸ் 1815-ல் இதற்குத் தெலிஃபோரா ஜைகான்டியா என்று பெயர் வைத்தார். பிறகு கார்ட்டிசியம் ஆனது, பெனியோஃபோரா ஆனது, ஃப்ளெபியா ஆனது, ஃபேனிரோகீட்டே ஆனது. ஜூலிஷ் என்பவர் 1978-ல் ஃப்ளெபியாப்சிஸில் கொண்டுபோய் வைத்தார். ஒரே பொருள், ஆறு முகவரி. நான் இப்போதைய பெயரை மட்டும் போட்டுத் தேடியிருந்தேன். தளங்கள் பழைய பெயர்களைப் பெரும்பாலும் புதிய பெயரோடு இணைத்துக் காட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் லேபிளில் எழுத்துப் பிழையோடு ஏறிய பெயரும், பெயர் சூட்டியவரின் பெயர் மாறி ஏறிய பெயரும் இணையாமல் வெளியே நிற்கும். பேரினப் பெயர் மட்டும் எழுதி இனம் எழுதாமல் விட்ட மாதிரிகளும் ஏராளம். பூஞ்சைப் பெயர்களைத் தொகுத்துவைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபங்கோரம், மைக்கோபேங்க் தளங்கள் இரண்டிலும் பார்த்து எல்லாப் பழைய பெயர்களையும் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இன்னொன்று, இதைவிட ஆழமானது. பழைய கார்ட்டிசியம் என்பது தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் எதையும் போட்டுவைத்த ஒரு பெட்டி. டி.என்.ஏ வந்த பிறகு அந்தப் பெட்டியில் இருந்தவை தொடர்பே இல்லாத பல வகைப்பாட்டு வரிசைகளில் சிதறிப்போயின. எரிக்சன், ரைவார்டன் முதலானோர் 1973 முதல் 1988 வரை எட்டுப் பகுதிகளாக வடக்கு ஐரோப்பாவின் பொருக்குப் பூஞ்சைகளை எழுதி முடிப்பதற்கு முன்னால் பெயரிடப்பட்ட மாதிரி என்றால், பெயரிட்டவர் கையில் எந்த நூல் இருந்திருக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் இப்போது அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறேன். 1920-களில் ஒருவர் எழுதிய பெயருக்கும் இன்று அதே பெயருக்கும் எல்லை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தேதிகளைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். எந்த மாதத்தில் அதிகம் கிடைக்கிறது என்று வரைபடம் போட்டபோது ஜனவரியில் ஒரு பெரிய தூண் எழுந்தது. குளிர்காலத்தில் மற்ற காளான்கள் இல்லாததால் சேகரிப்பவர்கள் பொருக்கைத் தேடுகிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து மூன்று வாரம் எழுதினேன். உண்மை என்னவென்றால், லேபிளில் வருடம் மட்டும் இருந்த மாதிரிகளுக்குத் தரவேற்றிய இடத்தில் ஜனவரி 1 என்று தானாக நிரம்பியிருந்தது. ஜனவரி 1-ஐ மட்டும் தனியே எண்ணிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதே போல 5.4.1931 என்றால் ஏப்ரலா மே மாதமா என்பது எழுதியவரின் நாட்டு வழக்கைப் பொறுத்தது. பழைய லேபிள்களில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். அதில் இந்தக் குழப்பம் கிடையாது. லேபிளின் படம் இணையத்தில் இருந்தால் படத்தைப் பாருங்கள், தட்டச்சு செய்த வரியை நம்பிப் போகாதீர்கள்.

இரட்டைப் பதிவுகள் இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எக்சிகாட்டா என்ற வழக்கம் பரவலாக இருந்தது. ஒரே சேகரத்தைப் பல துண்டாக்கி, அச்சிட்ட லேபிளோடு தொகுதியாக்கிப் பல ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவார்கள். ரேவனல், எல்லிஸ் என்ற சேகரிப்பாளர்கள் வெளியிட்ட தொகுதிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் இருக்கின்றன. ஒரு நாள் ஒரு கட்டையில் எடுத்த ஒரு பொருக்கு, என் கோப்பில் பதினோரு வரியாக நின்றது. ஒவ்வொரு வரிக்கும் வேறு எண், ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து வேறுபாடு, சேகரித்தவரின் முதலெழுத்து ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. கணினிக்கு அவை பதினோரு காளான்கள். சேகரித்தவர், சேகரிப்பு எண், தேதி மூன்றையும் சேர்த்து வரிசைப்படுத்திப் பார்த்தால் இவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்குமேல் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆனது. கடைசியில் மிஞ்சியது ஆயிரத்துக்குச் சற்று மேல்.

அதற்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். 1970-களில் உச்சம், அதன்பிறகு சரிவு, 1990-களுக்குப் பிறகு மறுபடி ஏற்றம் என்று அழகான ஒரு வளைவு. சரிவுக்குக் காடழிப்பு காரணம், ஏற்றத்துக்கு வெப்பம் காரணம் என்று எழுதினேன். மதிப்பிட்டவர்களில் ஒருவர் இரண்டே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார். முதல் கேள்வி: உச்சத்தில் இருக்கும் பதிவுகள் எத்தனை பேர் சேகரித்தவை? பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே ஒருவர். அவர் சேகரிப்பதை நிறுத்திய வருடத்தில் என் வளைவு சரிந்திருந்தது. பொருக்குப் பூஞ்சையைத் தேடிக் கட்டையைப் புரட்டுகிறவர்கள் உலகம் முழுவதும் எண்ணிக்கையில் குறைவு. அதனால் ஒரு மனிதரின் இடமாற்றமும் ஓய்வும் இந்தத் தரவில் காலநிலை மாற்றம் போலத் தெரியும். அதே ஆள், அதே பயணத்தில் எடுத்த மற்றப் பொருக்கு இனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் ஓர் இனம் கூடியதா குறைந்ததா என்று ஓரளவாவது பேசலாம்.

இரண்டாவது கேள்விதான் என்னைப் படுக்க வைத்தது. இந்த இனத்தை மனிதர்களே கட்டைகளில் தெளிக்கிறார்கள் என்பது தெரியுமா என்று கேட்டிருந்தார். ரிஷ்பெத் என்ற ஆய்வாளர் 1963-ல் எழுதினார்: ஊசியிலை மரங்களின் வேரை அழுகவைக்கும் ஹெட்டரோபேசிடியான் பூஞ்சை, புதிதாக வெட்டிய அடிக்கட்டை வழியாக நுழைகிறது. அந்த வெட்டுமுகத்தில் முந்திக்கொண்டு இந்தப் பொருக்குப் பூஞ்சையின் ஸ்போர்களைப் போட்டுவிட்டால் நோய்ப் பூஞ்சைக்கு இடம் இல்லை. இன்று ஐரோப்பியக் காடுகளில் இது வணிகத் தயாரிப்பாகவே விற்கிறது. பின்லாந்தில் உருவான ரோட்ஸ்டாப் அதில் ஒன்று. அப்படியானால் 1990-களுக்குப் பிந்தைய என் ஏற்றத்தில் எத்தனை பதிவுகள் தானாக வந்த பூஞ்சை, எத்தனை தெளித்து வந்தது? எனக்குத் தெரியவில்லை, தரவிலும் இல்லை. ரிஷ்பெத்தின் கட்டுரையை நான் ஏன் முன்பே படிக்கவில்லை என்றால், அதில் பெயர் பெனியோஃபோரா ஜைகான்டியா என்று இருந்தது. எதிரிப் பூஞ்சையும் அப்போது ஃபோமெஸ் அனோசஸ். பழைய பெயரில் தேடாததற்குக் கொடுத்த விலை இது. அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை. ஆய்வையே விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

ஒரு ஹெர்பேரியத்தின் பொறுப்பாளருக்கு மனம் விட்டு எழுதினேன். அகன்ற இலை மரங்களில் கிடைத்ததாகச் சொல்லும் நூற்றுப் பத்துப் பதிவுகள் இருக்கின்றன, அவையாவது புதிய செய்திதானே என்று கேட்டிருந்தேன். அவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: "பொட்டலத்தைத் திறந்து பார்த்தீர்களா?" பதினான்கு மாதமாக அந்த இனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நான், அதன் ஒரு காய்ந்த துண்டைக்கூடக் கையில் எடுத்ததில்லை.

மாதிரிகளை இரவல் வாங்குவது பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. தனி ஆளுக்குத் தரமாட்டார்கள். நீங்கள் இருக்கும் நிறுவனத்தின் ஹெர்பேரியத்தின் பெயரில்தான் கேட்க வேண்டும். எத்தனை, எதற்கு, எவ்வளவு காலம், நுண்ணோக்கிக்காகத் துண்டு எடுக்கலாமா, டி.என்.ஏ-வுக்காக எடுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் தனியாக எழுதிக் கேளுங்கள். பார்க்க அனுமதி என்பது வெட்ட அனுமதி ஆகாது. பெயருக்கே ஆதாரமான மூல மாதிரிகளைப் பல இடங்களில் வெளியே அனுப்புவதில்லை. கேட்டதிலிருந்து கைக்கு வர மாதங்கள் ஆகும், ஆகவே ஆய்வின் கடைசியில் இல்லாமல் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். வந்ததும் பூச்சிக்காக ஒரு வாரம் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த உடனே உறையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் மாதிரியில் ஈரம் கோத்துவிடும். பழைய மாதிரிகளுக்குப் பாதரச உப்பு பூசும் வழக்கம் இருந்தது, எனவே கையுறை போடுங்கள்.

முதல் பொட்டலத்தைத் திறந்த மாலை எனக்கு மறக்காது. பழுப்பேறிய மடித்த காகிதம், உள்ளே விரல் நீளத்தில் ஒரு பட்டைத் துண்டு, அதன்மேல் வெண்மஞ்சளாக, ஓரம் சுருண்ட பொருக்கு. 90 வருடங்களுக்கு முன் யாரோ கத்தியால் செதுக்கிய தடம் அப்படியே இருந்தது. கூடவே மூன்று சிறு சீட்டுகள். முதலாமவர் பெனியோஃபோரா ஜைகான்டியா என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் பல வருடம் கழித்துப் பார்த்து ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். மூன்றாமவர் தெளிவாக வேறு பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இணையத்தில் இருந்தது முதலாமவரின் பெயர் மட்டும். பின்னால் வந்த இரண்டு சீட்டும் தரவில் ஏறவே இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான பொட்டலங்களை ஒருசிலர் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறார்கள். ஆனால் பதிவு என்பது ஒருவர் ஒரு நாள் எழுதிய அபிப்பிராயம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பிளேடால் படலத்தோடு செங்குத்தாக மெல்லிய சீவல் எடுத்து, மூன்று சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் போட்டால் சுருங்கிய செல்கள் மறுபடி உப்பி வரும். ஃப்ளாக்சின் சாயம் சேர்த்தால் சிவப்பேறிக் கண்ணுக்குத் தெரியும். ஃப்ளெபியாப்சிஸ் ஜைகான்டியா என்றால் தடித்த சுவரோடு, உச்சியில் படிகம் அப்பிய கூம்பு போன்ற சிஸ்டீடியாக்கள், அதாவது ஸ்போர் தராத மலட்டுச் செல்கள், நிற்க வேண்டும். இழைகளில் கொக்கி போன்ற கிளாம்ப் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. என் முதல் பொட்டலத்தில் படிகக் கூம்பு ஒன்றுகூட இல்லை, குறுக்குச் சுவர்கள் எல்லாவற்றிலும் கிளாம்ப், ஸ்போர்கள் கண்ணீர்த் துளி வடிவில் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் கிடந்தன. அது சிலிண்ட்ரோபேசிடியம். அகன்ற இலை மரங்களில் சாதாரணமாக வருவது, அதுவும் காய்ந்தால் ஓரம் சுருளும். இப்படி அந்த நூற்றுப் பத்தில் இரவலாகக் கிடைத்த 64-ல் 29 வேறு இனம். இன்னும் நான்கு மாதிரிகளில், ஒரே துண்டில் இரண்டு பூஞ்சை பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேலும் 23-ல் ஸ்போரும் இல்லை, சிஸ்டீடியாவும் இல்லை, மலடாக எடுத்துவிட்ட படலம். என் இனம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது எட்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒன்று: ஒரு சீவலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதிர்ந்த நடுப்பகுதியிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என்று மூன்று இடத்திலாவது எடுங்கள். நுண்ணோக்கிச் சோதனைக்குத் தேவைப்படும் மெல்ட்சர் கரைசலில் உள்ள குளோரல் ஹைட்ரேட் பல இடங்களில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அனுமதிக்கு நாளாகும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அந்த எட்டும் அகன்ற இலை மரத்தில்தான் இருந்தனவா? இதை யோசிக்கவே எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. பட்டை உரிந்து மக்கிய கட்டையைக் காட்டில் பார்த்து மரத்தின் பெயரை எழுதுவது சேகரிப்பவருக்கும் ஊகம்தான். நல்ல வேளையாக மரத்துண்டும் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் குறுக்குவெட்டைச் சீவிக் கைலென்சில் பாருங்கள். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அகன்ற இலை மரத்தில் நீர் ஏறும் குழாய்கள் துளைத்துளையாகத் தெரியும். ஊசியிலை மரத்தில் அந்தப் பெருந்துளைகள் இல்லாமல் சீரான சிறு கட்டங்களாக இருக்கும். என் எட்டில் மூன்று, லேபிள் என்ன சொன்னாலும், ஊசியிலை மரம். லேபிளில் மரப் பெயரே இல்லாத மாதிரிகளுக்கும் இதே வழியில் பாதி விடை கிடைக்கும். மக்கிய மரம் நொறுங்கும்; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நனைத்த பிறகு சீவுங்கள்.

பணம் போனது டி.என்.ஏ-வில். ஆர்வத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன்பே, அனுமதி கிடைத்த மாதிரிகளிலிருந்து துண்டெடுத்து அனுப்பிவிட்டேன். வந்த வரிசைகளில் பெரும்பாலானவை பொருக்கின் மேல் வளர்ந்த பூசணத்துடையவை. பூஞ்சைகளை அடையாளம் காண 2012-ல் டி.என்.ஏ-வின் ஐடிஎஸ் என்ற பகுதியைப் பொதுப் பார்கோடாக முன்மொழிந்தார்கள். அது எந்தப் பூஞ்சை இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், அதுதான் அதன் பலமும் இங்கே சிக்கலும். பழைய மாதிரியில் டி.என்.ஏ நொறுங்கியிருக்கும் என்பதால் முழு நீளம் கேட்காமல் அதன் உட்பகுதிகளான ஐடிஎஸ் 1 அல்லது 2-ஐத் தனியாகக் கேளுங்கள். எந்தப் புள்ளியில் சிஸ்டீடியாவைப் பார்த்தீர்களோ, அதை ஒட்டிய இடத்திலிருந்து, காரக் கரைசல் படாத துண்டை எடுங்கள். முதலில் இரண்டு மாதிரியை மட்டும் அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மீதியை அனுப்புங்கள்.

கட்டுரையை மறுபடி எழுதினேன். பரவல் பற்றிய பகுதி முழுதும் போய்விட்டது. 64 பொட்டலங்களின் கதை மட்டும் மிஞ்சியது, அளவில் முந்தையதில் மூன்றில் ஒன்று. மாதிரிகளைத் திருப்பி அனுப்பும் முன் ஒவ்வொன்றிலும் என் பெயர், தேதி, நான் கண்டதை எழுதி ஒரு சீட்டு வைத்தேன். அதே பட்டியலைக் கோப்பாகவும் பொறுப்பாளருக்கு அனுப்பினேன், அவர் தரவில் ஏற்றிவிட்டார். மலடான 23-க்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விடப் பார்த்தேன். அவர்தான் எழுதச் சொன்னார். "மூன்று சீவல் பார்த்தேன், ஸ்போர் இல்லை, சிஸ்டீடியா இல்லை, முடிவு செய்ய இயலவில்லை" என்று பென்சிலால் எழுதி, எந்த மூலையிலிருந்து துண்டெடுத்தேன் என்று ஒரு சின்னப் படமும் போட்டேன். அடுத்து திறப்பவர் அதே மூலையை மறுபடி வெட்ட வேண்டியிருக்காது.